மூன்றாம் கவுண்டர்

ஊருக்கே இரண்டு பெயர்.
பலகையில் பெஸ்தாரி ஜெயா.
பஸ்ஸில் ஏறுகிறவர்கள் இன்னும்
பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள்.
அதனால் நான் பெரிதாக ஆச்சரியப்படவில்லை,
ஏழாங்கட்டைத் தோட்டம், இரண்டாம் லயம், கதவு பதினொன்றுக்கு
ஒரே வாரத்தில் நான்கு பேருக்குப் பொட்டலம் வந்தபோது.

முள்தேங்காய், ஜப்பானிலிருந்து.
பிரட்டு நம்பர் 114, பெல்ஜியத்திலிருந்து.
செத்த பல்பு.
கிராணி வீட்டு நாய்.
கடைசிப் பெயரை எங்கே வெட்டுவதென்று தெரியாமல்
அனுப்பியவர் ஒரே சொல்லாக எழுதியிருந்தார்.

வாங்க வந்தவள் ஒருத்தி.
எண்ணெய் ஆலையில் இரவு ஷிப்ட்,
சட்டையில் வெந்த குலையின் வாடை.
அடையாள அட்டையை நீட்டினாள். இரத்தினமலை.
"மாலைங்க. பதிஞ்சவரு
துணைக்கால ஒடிச்சிட்டாரு."
நான் என் பெயர்ப்பட்டையைக் காட்டினேன்.
வள்ளிக்கொடி, அச்சுக்கடைக்காரன் தயவில்
வலி கோடி.
அன்று இருவரும் சிரித்த சிரிப்பில்
அஞ்சலக விதி கொஞ்சம் தளர்ந்தது.

என்ன வேலை செய்கிறாய் இத்தனை பெயரில், என்றேன்.
இசை, என்றாள்.
பிறகு தானே நம்பாதவள் போல,
சத்தம், என்று திருத்தினாள்.
குலை வேகும் உருளை ஆவி விடுமுன்
ஒரு நொடி மூச்சைப் பிடிக்குமாம்.
அந்த நொடியை நாற்பது நிமிடத்துக்கு
நீட்டுகிறவர் முள்தேங்காய்.
டிரான்ஸ்ஃபார்மர் முணுமுணுப்பு
மழைக்கு முன் ஒரு மாதிரி, பின் ஒரு மாதிரி.
அந்த வித்தியாசத்தில் குடியிருப்பது செத்த பல்பு.
114 அவள் அப்பாவின் நம்பர்.
அதில் பெயர் கூப்பிடும் குரல் இல்லை,
கூப்பிட்ட பின் யாரும் பதில் சொல்லாத இடம் மட்டும்.
நாயைப் பற்றிக் கேட்டேன்.
"அது வேற கதைலா."

"எல்லாத்தையும் ஒரே பேர்ல போட்டா என்ன?"
"ஒருத்தருக்கு ஒருத்தர் ஆகாது."

ஆகஸ்டில் ஓசாகாவிலிருந்து முள்தேங்காய்க்கு ஒரு கடிதம்.
கவுண்டரிலேயே நின்று எனக்கும் படித்துக் காட்டினாள்.
ஐயா, செத்த பல்பு என்றொருவன்
தங்கள் ஓசையைத் திருடுகிறான்.
பத்தொன்பதாம் நிமிடம், அதே அதிர்வு.
பலமுறை கேட்டு உறுதி செய்துவிட்டேன்.
நடவடிக்கை எடுங்கள்.

சிரிப்பாள் என்று பார்த்தேன்.
காது மடல் சிவந்தது.
"கண்டுபிடிச்சிட்டான். அந்த ஒரு எடத்துல
சோம்பல்பட்டு பழசையே எடுத்துப் போட்டேன்."

மூன்று நாள் கழித்து இரண்டு உறைகள்.
ஒட்டுமுன் காட்டினாள்.
ஒன்று கறுப்பு மை, சாய்ந்த எழுத்து.
செத்த பல்பு மன்னிப்புக் கேட்கிறது.
மற்றது நீலம், நிமிர்ந்த எழுத்து.
முள்தேங்காய் மன்னிக்கவில்லை.

இரண்டிலும் முத்திரை குத்தினேன்.
அப்போதுதான் கண்ணில் பட்டது,
கண்ணாடிக்கு அடியில், சில்லறை தள்ளும் பள்ளத்தில்
விரலளவு ரெக்கார்டர். சிவப்புப் புள்ளி எரிகிறது.
எத்தனை மாதமாக என்று கேட்கவில்லை.
வெறும் மேசையில் இன்னொரு முறை குத்தினேன்,
கொஞ்சம் ஓங்கி, கொஞ்சம் தாளம் போட்டு.
வேண்டாம் என்று தலையாட்டினாள்.
"நீங்க வேற எதையோ நெனச்சிக்கிட்டுக் குத்துறதுதான்
நல்லாருக்கு."

அதற்குப் பிறகு எனக்குச் சரியாகக் குத்த வரவில்லை.
கை எப்போதும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
உறைகளில் தேதி பாதி விழுகிறது.
போஸ்ட்மாஸ்டர் இரண்டு தடவை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

இன்று காலை மூட்டையில் ஐந்தாவதாக ஒரு பெயர்.
ஏழாங்கட்டை, இரண்டாம் லயம், கதவு பதினொன்று.
பெறுநர்: வலி கோடி.

விதிப்படி
நான் என்னிடம் அடையாள அட்டை கேட்க வேண்டும்.
அவள் தூங்கி எழுந்து வர மாலையாகும்.
யாரும் வரிசையில் இல்லாத நேரம் பார்த்து
பொட்டலத்தைக் காதருகே தூக்கி
ஆட்டிப் பார்க்கிறேன்,
இந்த வேலையில் இருப்பவள்
செய்யவே கூடாத காரியம்.